குளிர் வீட்டுக்கு ஒரு வெயில் பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் எங்கள் ஊட்டி வீட்டின் தெற்குச் சுவரில் நான் மாட்டியிருக்கும் வெயில் பெட்டியைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். ஒரு மரப்பெட்டி, உள்ளே கறுப்படித்த உலோக வலை, முகப்பில் கண்ணாடி, சுவரில் கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை. அறையின் குளிர்ந்த காற்று கீழ்த் துளை வழியாகப் பெட்டிக்குள் போய், வெயிலில் சூடாகி, தானாகவே மேலே எழும்பி, மேல் துளை வழியாக அறைக்குத் திரும்பி வரும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. அந்தப் பத்து வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன், நீளமான சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோத்தகிரி வாசகர்: டிசம்பர், ஜனவரியில் வெளியே வெயில் பளீரென்று அடிக்கிறது, வீட்டுக்குள் பகலிலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. உங்கள் பெட்டியை அப்படியே செய்துவிடலாம் என்று இருக்கிறேன். அளவு, சாமான், செய்முறை எல்லாம் விவரமாகச் சொல்லுங்கள் சார்.

சாமான் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு குச்சியை எடுங்கள். ஒரு மீட்டர் குச்சி. முற்றத்தில் செங்குத்தாக நட்டு, டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள் முழுக்க அதன் நிழலைப் பாருங்கள். நிழல் எப்போது மிகக் குட்டையாக இருக்கிறதோ அப்போது அது காட்டும் திசை சரியான வடக்கு, அதற்கு எதிர்ப்பக்கம் தெற்கு. நம் மலையில் அது 12 மணிக்கு நடக்காது, 12.20 வாக்கில் நடக்கும், ஏனென்றால் நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துச் சூரியனுக்கு வைத்தது, சூரியன் இங்கே வந்து சேர இன்னும் 20 நிமிடம் ஆகும். அப்போது உங்கள் குச்சியின் நிழல் 70 சென்டிமீட்டர் இருக்கும். அப்புறம் முக்கியமான வேலை: காலை 9 மணி, 12 மணி, மதியம் 3 மணி, இந்த மூன்று நேரத்திலும் பெட்டி வரப்போகும் இடத்தில் எதன் நிழலாவது விழுகிறதா என்று பாருங்கள். கற்பூர மரம், சில்வர் ஓக், பக்கத்து வீட்டு மாடி, உங்கள் வீட்டுக் கூரையின் நீட்டல்கூட. எனக்கு எழுதியவர்களில் இரண்டு பேர் பெட்டியை முடித்த பிறகுதான் மரத்தைப் பார்த்திருக்கிறார்கள். நிழல் விழும் சுவரில் எவ்வளவு அழகாகப் பெட்டி செய்து மாட்டினாலும் அது ஒரு மர அலமாரிதான்.

இன்னொரு விஷயம், வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு அப்படியே செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. லடாக்கில் டிசம்பர் உச்சிச் சூரியன் தரையிலிருந்து 32 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், வெயில் கிட்டத்தட்ட நேராகச் சுவரில் அடிக்கும். நமக்கு அது 55 டிகிரி. வெயில் சுவரைத் தடவிக்கொண்டு கீழே போகிறது. செங்குத்தான சுவருக்குக் கிடைப்பது நேர் வெயிலில் பாதிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். அதனால் முடிந்தால் பெட்டியைச் சாய்த்து வையுங்கள். மலை வீடுகளில் இதற்கு ஒரு வசதி உண்டு, பெரும்பாலான வீடுகளில் ஒரு பக்கம் தரை இறங்கிப் போகும். அந்தப் பக்கம் தெற்காக அமைந்துவிட்டால் அதிர்ஷ்டம்: பெட்டியின் அடிப்பக்கம் கீழ்ப்படியில், தலைப்பக்கம் அறைத் தரையை ஒட்டி, நாற்காலி முதுகு மாதிரி சாய்வாக வைக்கலாம். வெயிலும் நேராக விழும், பெட்டி அறைக்குக் கீழே இருப்பதால் சூடான காற்று இன்னும் வேகமாக மேலே ஏறும். ஆனால் இந்த அமைப்பில் அறைக்குள்ளிருந்து குளிர்ந்த காற்றைப் பெட்டியின் அடிக்குக் கொண்டுபோக, பெட்டியின் முதுகுப் பக்கம் தனியாக ஒரு பாதை விட வேண்டும். என் வீட்டில் அந்த வசதி இல்லை, தெற்குப் பக்கம் ரோடு. சுவரோடு செங்குத்தாகத்தான் மாட்டியிருக்கிறேன்.

சரி, அளவு. எட்டடிக்கு நாலடி, ஒரு முழு பிளைவுட் தாள். கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். வெளியில் நிற்கப்போவதால் தண்ணீர் தாங்கும் ரகமாக வாங்குங்கள். பெட்டியின் ஆழம் அரை அடி. ஆழம் குறைந்தால் காற்று நெருக்கியடித்துக்கொண்டு ஓடாது, அதிகமானால் சூடாகாது. உயரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு எனக்குச் சரியாக வந்தது. பின்பலகைக்கு உள்பக்கம் இரண்டு அங்குலத்துக்குக் கிளாஸ் உல் (சூடு வெளியே ஓடாமல் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு), அதன் மேல் மெல்லிய தகரம், கிளாஸ் உல் இழை காற்றோடு கலந்து அறைக்குள் வரவே கூடாது. நான் சொல்லும் அரை அடி, இந்தத் தகரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி.

முதல் பெட்டியில் நான் என்ன செய்தேன் தெரியுமா, கிளாஸ் உல்லுக்குப் பதிலாகத் தெர்மோகோல் வைத்தேன். மலிவு, வெட்டுவது சுலபம். மூன்றாவது நாள் மதியம் வீடு முழுக்க ஒரு வாடை. திறந்து பார்த்தால் தெர்மோகோல் அப்பளம் மாதிரி சுருண்டு கிடக்கிறது. துளைகளை அடைத்துவிட்டு வெளியூர் போனால், காற்று ஓடாத பெட்டி 100 டிகிரியை எட்டிப் பார்க்கும், தெர்மோகோல் அதற்கு முன்பே இளகிவிடும். தேங்காய் நார், வைக்கோல், பழைய துணி அடைக்கலாமா என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாதக்கணக்கில் சூட்டில் காய்ந்த நார் பக்கத்தில் ஒரு பொறி போதும்.

சூடு பிடிக்கும் பாகத்துக்கு மேல்நாட்டில் குளிர்பானக் கேன்களை அடுக்கி ஒட்டுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இருநூறு கேன் சேர்ப்பதற்குள் குளிர்காலம் போய்விடும், ஒவ்வொன்றிலும் துளை போட்டு ஒட்டுவது வேறு. அதைவிட ஜன்னலுக்கு அடிக்கும் உலோகக் கொசுவலை நல்லது. இரண்டு அடுக்கு, பளபளப்பில்லாத கறுப்பு, பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிப்பார்களே அந்தப் பெயிண்ட். வலையின் கீழ் விளிம்பைப் பின்பக்கம், கீழ்த் துளைக்குச் சற்று மேலே அடியுங்கள். மேல் விளிம்பைக் கண்ணாடியை ஒட்டி அடியுங்கள். அதாவது வலை பெட்டிக்குள் குறுக்கே சாய்ந்து நிற்கும். உள்ளே வரும் குளிர்ந்த காற்று கண்ணாடிப் பக்கமாக ஏறி, வலைக் கண்களுக்குள் புகுந்து சூடாகி, பின்பக்கமாக மேல் துளைக்குப் போகும். இதில் லாபம் என்னவென்றால் கண்ணாடியைத் தொடுவது குளிர்ந்த காற்றுதான், சூடு கண்ணாடி வழியாக வெளியே ஓடுவது குறையும்.

முகப்புக்குக் கண்ணாடியா பாலிகார்பனேட்டா என்றால், கண்ணாடி நீண்ட நாள் தெளிவாக இருக்கும், ஆனால் சாதாரணக் கண்ணாடியில் பாதி வெயிலும் பாதி நிழலுமாக விழுந்தால் விரிசல் விடும். டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூட்டில் பதப்படுத்திய உறுதியான கண்ணாடி என்றால் அளவு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வாங்கிய பிறகு வெட்ட முடியாது, ஆசாரி அரை அங்குலம் தவறாக அளந்தால் தலையில் கைதான். குரங்குத் தொல்லை உள்ள இடத்தில் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தாளே நிம்மதி. எதுவானாலும் விளிம்பு முழுக்க சிலிகான். என் பெட்டியில் முதல் ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கி வலை துருப்பிடித்தது. மேல் விளிம்பில் ஒரு தகர மடிப்பு, கீழே தண்ணீர் வடிய இரண்டு சின்ன ஓட்டை.

துளைகள் ஒவ்வொன்றும் இரண்டு அடி அகலம், அரை அடி உயரம். செங்கல் சுவர் என்றால் கொத்தனாரைக் கூப்பிட்டுச் செய்யலாம். பழைய ஒன்றரை அடிக் கல் சுவர் என்றால் தயவுசெய்து குடையாதீர்கள், இருக்கும் ஜன்னலை மறைத்துப் பெட்டியைக் கட்டி அதன் வழியாகவே காற்றை விடுங்கள்.

கடைசியாக, எல்லாரும் மறக்கும் சமாசாரம். பகலில் சூடான காற்றை ஏற்றும் அதே பெட்டி ராத்திரியில் அப்படியே தலைகீழாக வேலை செய்யும். அறையின் சூடான காற்று மேல் துளை வழியாகப் பெட்டிக்குள் போய், குளிர்ந்து, கீழ்த் துளை வழியாகப் பனி மாதிரி தரையில் கொட்டும். எனக்கு முதல் வாரம் காலையில் அறை முன்பைவிடக் குளிர்ந்து கிடந்தது, பெட்டியையே சந்தேகப்பட்டேன். தீர்வு ஒரு பாலிதீன் தாள். கீழ்த் துளையில், பெட்டிப் பக்கம், ஒரு கம்பி வலைக்கு வெளியே மெல்லிய பாலிதீனை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுங்கள். காற்று உள்ளே போகும்போது தாள் விலகும். திரும்பி வர முயன்றால் வலையில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும்.

பெட்டியைச் சுவரில் மாட்டுவதற்கு முன் நாலைந்து நாள் வெளியில் வெயிலில் போட்டு வையுங்கள், பெயிண்ட், சிலிகான் வாடையெல்லாம் அங்கேயே போகட்டும்.

என்ன கிடைக்கும்? தெளிவான டிசம்பர் மதியம், செங்குத்துச் சுவரில், இந்த அளவுப் பெட்டியிலிருந்து ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாக. ஒரு சின்ன ரூம் ஹீட்டர் அளவு, பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. மேகம் வந்தால் ஒன்றும் இல்லை. ஒரு படுக்கையறைக்கு நன்றாகத் தெரியும், பெரிய ஹாலுக்குத் தெரியாது. உங்கள் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை எங்களைவிட அதிகம், அக்டோபர், நவம்பரில் எதிர்பார்க்காதீர்கள். மழை விட்டு வானம் தெளிந்த பிறகு மார்ச் வரை உங்கள் காலம்.

ஊட்டி வாசகி: வாடகை வீடு. சுவரில் ஆணி அடித்தாலே ஓனர் அம்மா வந்துவிடுவார். எங்களுக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது, சொல்லப்போனால் உங்களுடையதுதான் சுலபம். தெற்கு ஜன்னல் ஒன்று வேண்டும், தள்ளுகிற கதவாக இருந்தால் உத்தமம். நாலடி நீளத்தில் ஒரு பெட்டியை ஜன்னலிலிருந்து வெளியே, கீழ்நோக்கிச் சாய்வாகத் தொங்கவிடுங்கள், கால் தரையிலோ ஒரு ஸ்டாண்டிலோ நிற்கட்டும். பெட்டிக்குள் நடுவே நீளவாக்கில் ஒரு பலகை, அடியில் மட்டும் மூன்று அங்குலம் விட்டுவிட்டு. பலகையின் மேல்பக்கம் கறுப்பு, அதற்கு மேலே கண்ணாடி. அறைக் காற்று பலகைக்குக் கீழே இறங்கி, அடியில் திரும்பி, மேலே சூடாகி ஜன்னலுக்குள் வரும். ராத்திரி பாலிதீன் கதவு எதுவும் தேவையில்லை. குளிர்ந்த காற்று கனமானது, பெட்டி ஜன்னலுக்குக் கீழே இருப்பதால் அங்கேயே தேங்கி உட்கார்ந்துவிடும். ஜன்னலின் மீதி இடைவெளியைப் பலகையும் ஃபோமும் வைத்து இறுக்கமாக அடைக்க வேண்டும், அங்கே ஒரு விரல் சந்து இருந்தால் வருகிற சூடெல்லாம் போய்விடும். வீடு மாறும்போது கையோடு தூக்கிக்கொண்டு போகலாம்.

சூடு ஒரு மூலைக்குத்தான் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூலையில் நாற்காலியைப் போடுங்கள்.

கொடைக்கானல் வாசகி: பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். ராத்திரிதான் தாங்க முடியவில்லை, என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். வெயில் பெட்டி ராத்திரிக்கு உதவுமா?

முதலில் கரி அடுப்பு. இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. மூடிய அறையில் கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாடையும் கிடையாது, கண்ணும் எரியாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். மலை ஊர்களில் இப்படிப் போன உயிர்கள் நிறைய. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறோம் என்று சமாதானம் சொல்வார்கள், கேட்காதீர்கள். ராத்திரிக்கு வெந்நீர்ப் பையும் நல்ல கம்பளியும் மாமியாருக்குப் போதும், தேவைப்பட்டால் ஆயில் ஹீட்டர்.

இப்போது பெட்டி. சூரியன் போனதும் வெறும் காற்றுப் பெட்டி அரை மணி நேரத்தில் ஆறிவிடும், ராத்திரிக்கு உதவாது. ராத்திரிக்கு வேண்டுமானால் பகல் சூட்டை எதிலாவது ஊற வைக்க வேண்டும், அதற்குத் தண்ணீரை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரே அளவு இடத்தில் கல்லைப் போல இரண்டு மடங்கு சூட்டைத் தண்ணீர் பிடித்து வைக்கும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் பத்து எடுத்து, கறுப்படித்து, உள்ளே வெயில் விழும் ஜன்னல் ஓரம் அடுக்குங்கள். காலையில் 18 டிகிரியில் இருந்த தண்ணீர் மாலையில் 26 டிகிரி ஆனால், அந்த 200 லிட்டரில் இரண்டு யூனிட் கரண்டுக்குச் சற்றுக் குறைவான சூடு இருக்கிறது. அது விடிய விடிய மெதுவாக வெளியே வரும். அறை கொதிக்காது. விடியற்காலைக் கடுங்குளிரின் கூர்மை மழுங்கும், அவ்வளவு.

ஆனால் மாலை நாலு மணிக்கு ஜன்னலைக் கனமான திரையால் மூடாவிட்டால் இதெல்லாம் வீண். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் ராத்திரியில் ஒரு ஓட்டை. திரை தரை வரை தொட வேண்டும், மேலேயும் சந்து இருக்கக் கூடாது. அதற்கு அடுத்தது கூரை. ஓடு அல்லது தகரக் கூரைக்குக் கீழே தட்டுப் பலகை இல்லையென்றால், உங்கள் பணம் முதலில் அங்கே போகட்டும், பெட்டிக்கு அப்புறம் பார்க்கலாம். பெட்டியைப் பற்றி எழுதுகிறவனே இப்படிச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள், என் வீட்டில் நான் செய்ததிலேயே அதிக வித்தியாசம் தெரிந்தது கதவுச் சந்துகளை அடைத்த அன்றைக்குத்தான்.

புது வீடு கட்டுகிறவர்கள் என்றால் வேறு வழி உண்டு: தெற்குச் சுவரையே தடிமனாகக் கட்டி, வெளியே கறுப்படித்து, அதன் முன்னால் கண்ணாடி போடுவது. பிரான்ஸில் ஓடெய்யோ என்ற மலை ஊரில் 1967இல் ஃபெலிக்ஸ் த்ரோம்ப் இப்படி ஒரு வீடு கட்டினார், அவர் பெயராலேயே அந்தச் சுவரை அழைக்கிறார்கள். எட்டு அங்குலச் சுவரில் வெயில் சூடு உள்பக்கம் வந்து சேர எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும், மதிய வெயில் ராத்திரி பத்து மணிக்கு அறைக்கு வரும். லடாக்கில் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் இந்த வகைச் சுவர்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் 1899இல் அமைத்த ஒரு ஆய்வுக்கூடம் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கிறது, வீடுகள்தான் இன்னும் பள்ளத்தாக்குக் காட்சிக்காக ஜன்னல் வைக்கின்றன!

நுவரெலியா வாசகர்: நாங்கள் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் இருக்கிறோம். தகரக் கூரை, ஒரு சின்ன ஜன்னல். தை மாசத்தில் விடிய எழும்பினால் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். இதில் இந்தப் பெட்டி சரிவருமா?

சொட்டுவது மழையில்லை, உங்கள் மூச்சும் சமையல் ஆவியும்தான். ராத்திரியில் தகரம் வெளிக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது, ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிறது. அதனால் உங்களுக்கு முதல் வேலை பெட்டியில்லை, தகரத்துக்குக் கீழே ஒரு தட்டு. பிளைவுட் முடியாவிட்டால் குறுக்குக் கம்பு கட்டி அதன் மேல் ஃபோம் தாள் விரித்தாலும் சரி, தகரத்துக்கும் தட்டுக்கும் நடுவே அரை அடி காற்று ஓட இடம் விடுங்கள். அடுப்புப் பக்கம் ஃபோம் வரக் கூடாது. சமைக்கும்போது ஆவி வெளியே போக மேலே ஒரு வழி வேண்டும்.

பெட்டி சரிவரும், ஆனால் உங்கள் லயத்தின் எந்தப் பக்கம் தெற்கு என்பதைப் பொறுத்து. நடு வீடு என்றால் முன்னும் பின்னும் மட்டும்தான் உங்கள் சுவர். டிசம்பர் உச்சியிலேயே உங்களுக்குச் சூரியன் 60 டிகிரி உயரத்தில் நிற்கும், எங்களைவிடவும் மேலே, ஆகையால் செங்குத்துப் பெட்டியால் பெரிய பலன் இல்லை. ஊட்டி வாசகிக்குச் சொன்ன சாய்வுப் பெட்டியைச் செய்யுங்கள். தோட்டத்து வீடு என்பதால் சுவரைத் தொடாத வேலைதான் உங்களுக்கும் நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும்போது பலன் தெரியும்.

கோயம்புத்தூர் வாசகர்: நான் ஒரு இன்ஜினியர். சோலார் பேனல் விலை இவ்வளவு இறங்கிய பிறகு இந்தப் பெட்டியெல்லாம் எதற்கு? பேனல் போட்டு ஹீட்டர் ஓட்டிவிட்டுப் போகலாமே.

நியாயமான கேள்வி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் உச்சி வெயில் சுமார் 1000 வாட். பேனல் அதில் 200 வாட்டை மின்சாரமாக்கும். சாதாரணக் காயில் ஹீட்டரில் போட்டால் 200 வாட் சூடு. என் பெட்டி சுமாராகச் செய்தாலும் 400 முதல் 500 வாட் பிடிக்கும். ஆனால் நீங்கள் அந்த 200 வாட்டைச் சூடாக்கும் வசதியுள்ள ஏ.சி.க்குக் கொடுத்தால், அது வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தள்ளுவதால் மூன்று மடங்கு, 600 வாட் வரும். போதாததற்கு, பேனல் வருஷம் முழுக்க வேலை செய்யும், என் பெட்டி நாலு மாதம். கையில் பணமும் சொந்தக் கூரையும் இருக்கிறவர் பேனலுக்கே போகலாம், நான் மறுக்கவில்லை. பெட்டி யாருக்கென்றால், அவ்வளவு முதல் போட முடியாதவருக்கு, வாடகைக்கு இருப்பவருக்கு, கரண்ட் அடிக்கடி போகும் எஸ்டேட் பக்கத்தவருக்கு, அப்புறம் என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை கையில் ரம்பம் இல்லாவிட்டால் இருப்புக் கொள்ளாதவருக்கு.

ஈரோடு வாசகர்: எங்களுக்கு அறைச் சூடு வேண்டாம், குளிக்க வெந்நீர் போதும். மொட்டை மாடியில் கறுப்பு ஹோஸ் பைப்பைச் சுருட்டிப் போட்டால் வெந்நீர் வரும் என்கிறார்களே?

வரும், ஒரு வாளி. அரை அங்குலப் பைப் நூறு மீட்டர் வாங்கினாலும் அதற்குள் பிடிப்பது 13 லிட்டருக்கும் குறைவு. முதல் வாளி கொதிக்கும், இரண்டாவது வாளி பச்சைத் தண்ணீர். வெயில் போனதும் அதுவும் ஆறிவிடும்.

நூறு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றரை யூனிட் சூடு வேண்டும். நல்ல வெயில் நாளில், குழாய் ஓடும் கறுப்புத் தட்டு இரண்டு சதுர மீட்டர் இருந்தால் அதைக் கொடுத்துவிடும், கடையில் விற்கும் 100 லிட்டர் ஹீட்டரின் தட்டு அந்த அளவில் இருப்பது அதனால்தான். வீட்டிலேயே செய்வதில் எளியது பீப்பாய் முறை: கறுப்படித்த ஒரு பீப்பாயை, உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டியில் படுக்க வைத்து, மேலே கண்ணாடி போட்டு மூடுவது. 1891இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் காப்புரிமை வாங்கி விற்றது இதே சமாசாரம்தான். குறை என்னவென்றால் ராத்திரியில் ஆறிவிடும், மாலையில் குளிப்பவர்களுக்குத்தான் வசதி. காலையில் வேண்டுமென்றால் பீப்பாய்க்குப் பதில் தட்டும் தனித் தொட்டியும் வைத்து, தொட்டிக்குக் கிளாஸ் உல் சுற்ற வேண்டும். தொட்டியின் அடி, தட்டின் தலையைவிட ஒரு அடியாவது உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ராத்திரி தண்ணீர் திரும்பி ஓடி ஆறிவிடும். இடையில் வரும் பைப் முழுக்க ஏற்றமாகவே போக வேண்டும், ஒரு இடத்தில் தொங்கினாலும் காற்று சிக்கி ஓட்டம் நின்றுவிடும். எதைச் செய்தாலும் தொட்டியிலிருந்து மேலே திறந்த ஒரு காற்றுக் குழாய் கட்டாயம். இரண்டு பக்கமும் வால்வு போட்டு மூடிய தொட்டியை வெயிலில் வைக்காதீர்கள், அது வெடிகுண்டு. இருநூறு லிட்டர் என்றால் இருநூறு கிலோ, மாடியில் சுவருக்கு மேலே வரும்படி வையுங்கள். உங்கள் பக்கத்து உப்புத் தண்ணீருக்குத் தட்டில் இருக்கும் மெல்லிய செம்புக் குழாய்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதற்காகவே பீப்பாய்க்கு என் ஓட்டு.

ஸ்கார்பரோ, டொராண்டோ வாசகர்: இங்கே கராஜுக்குள் சின்னதாக ஒரு வேலை இடம் வைத்திருக்கிறேன். மைனஸ் பத்தில் இது வேலை செய்யுமா?

எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். டிசம்பர் உச்சிச் சூரியன் அங்கே 23 டிகிரி உயரம்தான், தெற்குச் சுவரில் ஏறக்குறைய நேராக விழும், முற்றத்துப் பனியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கூடுதல் வரும்படி. சாய்க்கவே வேண்டாம், செங்குத்தாகவே மாட்டுங்கள், பனியும் மேலே தங்காது. ஆனால் ஒற்றைக் கண்ணாடி போதாது, இரட்டை போடுங்கள், பின்பக்கக் கிளாஸ் உல்லையும் இரட்டிப்பாக்குங்கள். டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்தான், அதிலும் மேகம் நிறைய. பிப்ரவரி, மார்ச்சில்தான் உங்கள் பெட்டி பேசும். கராஜ் என்பதால் காற்றோட்டத்தை மறக்காதீர்கள், பெயிண்ட் தின்னர், பெட்ரோல் கேன் எல்லாம் அங்கிருந்து வெளியேறட்டும்.

சென்னை வாசகர்: எங்களுக்கு ஏதாவது சொல்லுங்களேன்.

மே மாதம் மதியம் குழாயைத் திறந்தால் டேங்க் தண்ணீரே வெந்நீராக வரும் ஊரில் உங்களுக்கு எதற்கு ஹீட்டர்? டேங்குக்கு வெள்ளை அடியுங்கள்.

குன்னூர் வாசகர்: கோடையில் பெட்டி வீட்டை அடுப்பாக்கிவிடாதா? மூடி போட வேண்டுமா?

நம் மலையில் ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, அதற்குப் பிறகு ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை உச்சி வேளையில் வடக்கே நிற்கிறது. தெற்குச் சுவருக்கு அந்த நாலு மாதம் நேர் வெயிலே கிடையாது, பெட்டி தானாகத் தூங்கிவிடும். மார்ச் கடைசியில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டால் போதும், நான் பழைய கோணிதான் போடுகிறேன். துளைகளுக்கு உள்பக்கம் வலை அடித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் பெட்டிக்குள் பல்லியும் குளவியும் குடும்பம் நடத்தும்.

பத்தாம் வகுப்பு மாணவி, கூடலூர்: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைச் சின்னதாகச் செய்யலாமா? இதை யார் கண்டுபிடித்தது?

தாராளமாகச் செய்யலாம் கண்ணு. சூரியச் சூட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பிடித்து அளந்து பார்த்தவர் சுவிட்சர்லாந்துக்காரர் சொஸ்யூர், 1767இல். பிறகு அவர் செய்த பெட்டி ஒன்றில் தண்ணீர் கொதிக்கும் அளவையும் தாண்டிச் சூடு ஏறியது. நம் சுவர்ப் பெட்டியை 1881இல் அமெரிக்காவில் எட்வர்ட் மோர்ஸ் காப்புரிமை எடுத்தார், அவர் கறுப்புக் கற்பலகையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார். வேடிக்கை என்னவென்றால் அவர் இன்ஜினியர் இல்லை, சிப்பி, கிளிஞ்சல்களை ஆராய்ந்த விலங்கியல் பேராசிரியர்.

நீ ஒரு பெரிய அட்டைப் பெட்டி எடு, உள்ளே கறுப்புத் தாள் ஒட்டு, முகப்பில் தெளிவான பிளாஸ்டிக் தாள், பின்பக்கம் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு துளை. கண்காட்சி வகுப்பறைக்குள் என்றால் வேலை செய்யாது, வெயில் விழும் வராந்தாவில் இடம் கேட்டு வாங்கு. இரண்டு தெர்மாமீட்டர் வைத்து எண்களை எழுதிக் காட்டலாம், ஆனால் பார்க்க வருகிறவர்கள் எண்களைப் பார்க்க மாட்டார்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கீழ்த் துளையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடி, அட்டையில் பட்டுவிடாமல். புகை வளைந்து உள்ளே போய் மேல் துளை வழியாக வெளியே வரும். வரவில்லை என்றால் எங்கோ சந்து இருக்கிறது, செல்லோடேப் எடுத்துக்கொண்டு போ.